கானாடுகாத்தான்: எப்படி கட்டுனாங்க, இப்ப எப்படி கழட்டுறாங்க

செட்டிநாட்டு வீடுன்னாலே எல்லாரும் முகப்புக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு, பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு பூச்சுன்னு நாலு விஷயத்த சொல்லிட்டு, அப்படியே மெஸ் தேடி சாப்பிட கிளம்பிடுறாங்க. அதெல்லாம் உண்மை தான், இல்லன்னு சொல்லல. ஆனா இங்க நான் எழுதப்போறது வீட்ட பத்தி இல்ல, ஊர பத்தி. அந்த வீடுங்க ஒன்னொன்னும் தனித்தனியா நிக்கிற மாதிரி தெரியும், ஆனா தெருவு, வாய்க்கா, ஊருணி எல்லாத்தோடயும் சேத்து தான் கட்டியிருக்காங்க. வீட்ட மட்டும் பாத்தா அது ஏன் அப்படி இருக்குன்னும் புரியாது, இப்ப ஏன் இடிஞ்சுக்கிட்டு இருக்குன்னும் புரியாது.

கேஸா எடுத்துக்கிட்டது கானாடுகாத்தான். திருச்சி ரோட்டுல காரைக்குடிக்கு முன்னாடியே பிரிஞ்சு உள்ள போகணும். சின்ன பேரூராட்சி, அரை நாள்ல முழுசா நடந்து பாத்துடலாம், பழைய தெரு அமைப்பு இன்னும் கண்ணுக்கு தெரியுது. காரைக்குடில அது பாதி மறைஞ்சு போச்சு, கடையும் போர்டும் பஸ்ஸுமா இருக்கு. அதனால காரைக்குடிய ஒப்பிட்டு பாக்க மட்டும் வச்சுக்கிறேன்.

கொஞ்சம் பின்னணி சொல்லிடணும். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டை செட்டியார்கள், ஊர்னு சொல்றது ஒரு காலத்துல 96, இப்ப எழுபத்தி சொச்சம் தான் கணக்குல இருக்கு, சிவகங்கை, புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்துலயும் பரவி கிடக்கு. வெள்ளைக்காரன் காலத்துல சில ஊர் புதுக்கோட்டை சமஸ்தானம், சில ஊர் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன். அதாவது எல்லா ஊருக்கும் சேத்து ஒரே ராஜாவோ ஒரே நகராட்சியோ எப்பவும் இருந்ததில்ல. காவிரிப்பூம்பட்டினத்துல இருந்து வந்தாக, பாண்டிய நாட்டுல இளையாத்தங்குடில முதல்ல குடியேறுனாகன்னு சொல்லுவாங்க, அங்கேருந்து மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடின்னு ஒன்பது கோயிலா பிரிஞ்சாங்க. எந்த கோயில சேந்தவுக அப்படிங்கிறது தான் அடையாளம், கல்யாணத்துக்கு மாலை அந்த கோயில்ல இருந்து வரணும். ஊர் ஊரா சிதறி இருந்தாலும் கணக்கு வழக்கு, வரி, கட்டுப்பாடு எல்லாம் கோயில் வழியா ஓடுச்சு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

இப்ப நிலம். செம்மண்ணு, கொஞ்சம் தோண்டுனா செம்பூராங்கல்லு, மழை கம்மி, பெய்யுறதுல பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைல கொட்டித் தீத்துட்டு போயிடும், பங்குனியில இருந்து வெயில் மண்டைய பொளக்கும். பெரிய ஆறு எதுவும் பக்கத்துல ஓடல. இப்படி ஒரு இடத்துல அவ்ளோ பெரிய வீட்ட வரிசையா கட்டி, கல்யாணம்னு வந்தா ஆயிரம் பேருக்கு பந்தி போடணும்னா தண்ணிக்கு என்ன வழின்னு முதல்ல யோசிச்சே ஆகணும். யோசிச்சிருக்காங்க. எனக்கு இந்த ஊர்ல ரொம்ப புடிச்சது முகப்பு பொம்மை இல்ல, இந்த தண்ணி கணக்கு தான்.

ஊர் வரைபடத்த பாத்தா தெருவெல்லாம் நேர்கோடு, ஒன்னுக்கு ஒன்னு இணையா போகுது, குறுக்குத் தெரு நேரா வெட்டுது. ரெண்டு இணைத் தெருவுக்கு நடுவுல ஒரே ஒரு வீடு. முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. முகப்பு அம்பது அறுபது அடி இருந்தா நீளம் எரநூறு அடிக்கு மேல போகும், சில வீட்டுல இன்னும் ஜாஸ்தி. தெருவுல நின்னு நிலைக்கதவு வழியா பாத்தா திண்ணை, பட்டாலை (முன் கூடம்), வளவு (முத்தத்த சுத்தி இருக்கற உள்கட்டு), ரெண்டாம் கட்டு, மூணாம் கட்டு, கடைசில பின்தெரு வெளிச்சம் வரைக்கும் ஒரே கோட்டுல தெரியும். இது அழகுக்காக மட்டும் இல்ல, காத்துக்கு. முத்தத்துல, அதாவது வீட்டு நடுவுல வானத்த பாத்து திறந்திருக்கற முற்றத்துல, சூடான காத்து மேல ஏறும், வாசல்ல இருந்து குளுந்த காத்து உள்ள வரும், சுவரு கனமா இருக்கறதால பகல் சூடு உள்ள வந்து சேர்றதுக்குள்ள சாயந்தரம் ஆயிடும். சித்திரை மாசம் மத்தியானம் ஃபேன் இல்லாம வளவு ஓரத்துல படுத்து தூங்குனவங்கள கேளுங்க, சொல்லுவாங்க.

மழை எப்படி போகுதுன்னு பாப்போம். கூரை வெளிப்பக்கம் மட்டும் சரியல, உள்ளயும் சரியுது, நாலு பக்கமும் முத்தத்த பாத்து. நாட்டு ஓட்ட அடுக்கு அடுக்கா போட்டிருப்பாங்க, அதுல வழியுற தண்ணி தகர தூம்பு வழியா முத்தத்து மூலைக்கு வரும், அங்க அண்டா குண்டான வச்சு வெள்ளைத் துணி கட்டி புடிச்சது போக மிச்சம் கல் பாவுன முத்தத்துல விழுந்து, தரைக்கு அடியில போற வாய்க்கா வழியா அடுத்த கட்டு முத்தம், அப்புறம் தெரு ஓரத்து வாய்க்கா, அங்கேருந்து வரத்துக்கால் (தண்ணி கொண்டு வர்ற கால்வாய்) புடிச்சு ஊருணி. கொஞ்சம் தண்ணி வீட்டு கிணத்துக்கும் ஊறும். ஊருணி நெறஞ்சா மிச்சம் கண்மாய்க்கு போகும், கண்மாய் தண்ணி வயலுக்கு. குடிக்கிற ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி, குடிக்கிற ஊருணில கால் வைக்க விடமாட்டாங்க. படிக்கட்டும் கரையும் பெரும்பாலும் அதே செம்பூராங்கல்லு தான். ஆக ஒரு வீட்டுக் கூரைல விழுந்த தண்ணிக்கு ஊர் எல்லை வரைக்கும் போற வழிய கட்டும்போதே போட்டு வச்சிருக்காங்க. இதுல ஒரு கண்ணி அறுந்தாலும் மேல இருக்கறவன் வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும், கீழ இருக்கற ஊருணி காயும். ரெண்டும் இப்ப நடந்துக்கிட்டு இருக்கு.

சரி, இதுக்கெல்லாம் காசு எங்கேருந்து வந்துச்சு. 1852-ல கீழ் பர்மாவ இங்கிலீஷ்காரன் புடிச்சான், 1869-ல சூயஸ் கால்வாய் திறந்துச்சு, ஐராவதி டெல்டா நெல்லுக்கு ஐரோப்பால சந்தை வந்துச்சு, காட்ட அழிச்சு வயலாக்க விவசாயிக்கு கடன் தேவைப்பட்டுச்சு. அந்த கடன கொடுத்தது நம்மாளுங்க. பர்மா மட்டும் இல்ல, இலங்கை, மலாயா, சைகோன் வரைக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி தொழில் பண்ண, போனாக. அங்க கடைய பாத்துக்க மேலாளு, அவருக்கு கீழ அடுத்தாளுன்னு மூணு வருஷ கெடுவுக்கு அனுப்புவாக, குடும்பம் இங்கயே இருக்கும். அதாவது ஊர்ல வருஷம் முழுக்க இருந்தது பெரும்பாலும் ஆச்சிமாரும் வயசானவுகளும் புள்ளைகளும் தான், வீட்டு நிர்வாகம் அவுக கையில. முன்கட்டுல கணக்கப்பிள்ளை உக்காந்து வட்டி கணக்கு எழுதுவாரு, ஆம்பள விவகாரம் அங்கயே முடிஞ்சிடும், வளவுக்கு உள்ள வேற உலகம்.

இன்னொன்னு, இது குடியிருக்க மட்டும் கட்டுன வீடு இல்ல, விசேஷத்துக்கு கட்டுனது. அவ்ளோ பெரிய ஹாலு, போஜனம் பண்ற நீள கட்டு, நூத்துக்கணக்கா பித்தளை பாத்திரம் அடுக்குற அறை இதெல்லாம் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), முன்னோருக்கு படைக்கிற படைப்பு இதுக்கெல்லாம். மனுஷன் தூங்குற அறை பாத்தா சிரிப்பு வரும், அவ்ளோ சின்னது. வளவ சுத்தி வரிசையா இருக்கற அந்த அறைங்க தான் ஆனா முக்கியம். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் உள்ளயும் வெளியயுமா சேத்து ஒரு இரட்டை வீடு, அதுல தான் அவனுக்கு வந்த சீரு, சாமான், நகை எல்லாம் இருக்கும், சாவி அவன் பொண்டாட்டி இடுப்புல. சமையல் கூட பல வீட்டுல தனித்தனி, மாமியா மருமக ஒரே கூரைக்கு கீழ வேற வேற அடுப்பு. கல்யாணம் ஆனா ஒரு புள்ளி, துணைய இழந்தவுக அரைப்புள்ளி, கோயில் வரி அந்த புள்ளி கணக்குல தான் விழும். வளவ சுத்தி இருக்கற கதவ எண்ணுனா அந்த குடும்பத்துல அப்ப எத்தன பங்குன்னு ஓரளவு சொல்லிடலாம். சுருக்கமா, பங்கு கணக்கயே செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு கட்டியிருக்காங்க.

அப்புறம் ஸ்டைலு மாறுனத ரொம்ப விரிவா சொல்லல. ஆரம்பத்துல ஒரு மாடி இல்லாத ஓட்டு வீடு, திண்ணை, மரத்தூணு. காசு ஏற ஏற மாடி, வளைவு, கிரேக்க ரோமானிய தூணு, முகப்புல சுதை கஜலட்சுமிக்கு பக்கத்துலயே துப்பாக்கி புடிச்ச வெள்ளைக்கார சிப்பாய். கானாடுகாத்தான்ல ராஜா சர் அண்ணாமலை செட்டியார் அரண்மனை 1912-ல கட்டுனதா சொல்றாங்க, அது உச்சம். 1930, 40கள்ல ஆர்ட் டெகோ வந்துச்சு, கோடு கோடா, வளைஞ்ச மூலையோட. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941. அதாவது ரங்கூன்ல குண்டு விழுறதுக்கு முன்னாடி வரைக்கும் இங்க ஜன்னலுக்கு கம்பி வச்சிக்கிட்டு இருந்திருக்காங்க!

ஆனா சரிவு 1942-ல ஆரம்பிக்கல. 1930 பொருளாதார மந்தத்துல நெல்லு விலை விழுந்துச்சு, கடன் வாங்குன பர்மா விவசாயி கட்ட முடியல, அடமானம் வச்ச நிலம் கைக்கு வந்துச்சு. கீழ் பர்மா நெல் மாவட்டங்கள்ல 1930-ல நகரத்தார் கையில இருந்த நிலம் 6 சதவீதம், 1938-ல அது 25 சதவீதம். காகிதத்துல பாத்தா சொத்து நாலு மடங்கு, நிஜத்துல கையில இருந்த பணமெல்லாம் விக்க முடியாத வயலா மாறி உக்காந்துச்சு, அதோட அந்த ஊர் மக்களோட கோவமும் சேந்துச்சு, அது நியாயமான கோவம் தான்னு நான் நினைக்கிறேன், பூட்டன் பாட்டன் உழுத நிலம் போனா யாருக்கு தான் வராது. 1942-ல ஜப்பான்காரன் வந்தான், விட்டது விட்டபடி ஓடி வந்தாங்க, நடந்தே வந்தவங்களும் உண்டு. 1948-ல பர்மா சுதந்திரம், அதே வருஷம் நில தேசியமயச் சட்டம். 1962-ல அங்க ராணுவ ஆட்சி வந்ததுக்கு அப்புறம் மிச்சம் மீதியும் போச்சு. கட்டுன கை நின்னுபோச்சு, வீடு நின்னுச்சு.

இங்க தான் ரெண்டு ஊரும் பிரியுது. காரைக்குடிக்கு அழகப்பச் செட்டியார் இருந்தாரு. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்த கொண்டு வந்தாரு, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி 1953-ல திறந்துச்சு. அவரு ஆரம்பிச்ச காலேஜு, பின்னாடி 1985-ல அழகப்பா பல்கலைக்கழகம் ஆச்சு. வெளியூர்க்காரன் வேலைக்கும் படிப்புக்கும் வந்தான், வாடகைக்கு வீடு தேவைப்பட்டுச்சு, நிலத்துக்கு விலை வந்துச்சு. 1928-ல நகராட்சியான ஊரு 2024-ல மாநகராட்சி, கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சியெல்லாம் உள்ள போயிடுச்சு. கானாடுகாத்தான்ல இது எதுவும் நடக்கல. அதனால தான் கானாடுகாத்தான் தப்பிச்சுச்சு. வளர்ச்சி இல்லாததே பாதுகாப்பா போச்சு, கேக்க கஷ்டமா இருந்தாலும் அது தான் நிஜம். காரைக்குடில பழைய வீட்ட இடிச்சா கடை கட்டலாம், வாடகை வரும். கானாடுகாத்தான்ல இடிச்சா என்ன கட்டுவ, யாருக்கு கட்டுவ?

அப்ப அங்க ஏன் இடிக்கிறாங்கன்னா, நிலத்துக்காக இல்ல, மரத்துக்காக.

கழட்டுறதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல கையில தூக்குறது போகும்: பித்தளை, எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம், தஞ்சாவூர் படம், கண்ணாடி விளக்கு. இதெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வரும், அங்க கடை கடையா பாக்கலாம். அடுத்தது கதவு, நிலை, ஜன்னல். அப்புறம் தூணு. தூணு போனா கூரை நிக்காது, உத்தரமும் சட்டமும் இறங்கும், ஓடு தனி ரேட்டு, மார்பிள் தனி ரேட்டு. கடைசில செங்கல்லு வரைக்கும். சென்னை பக்கத்து பீச் ஹவுஸு, கேரளா ரிசார்ட்டு, புதுச்சேரி ஹோட்டலுன்னு எங்கெங்கயோ போய் நிக்குது. முட்டுக்காடு தட்சிணசித்ரால ஒரு செட்டிநாட்டு வீட்ட கொண்டு போய் பொருத்தி வச்சிருக்காங்க, அது மியூசியம், மக்கள் பாக்கவாவது முடியும். மத்ததெல்லாம் யாரோ ஒருத்தர் பாத்ரூம் கதவா இருக்கு.

விக்கிறவங்கள திட்டுறது சுலபம். ஆனா கணக்க பாருங்க. தாத்தா காலத்துல ஆறு புள்ளி, அவங்க புள்ளைக, பேரன்கன்னு இப்ப முப்பது நாப்பது பங்கு, ஒருத்தர் சென்னை, ஒருத்தர் கோலாலம்பூர், ஒருத்தர் அமெரிக்கா. 1989 தமிழ்நாட்டு திருத்தம், 2005 மத்திய திருத்தத்துக்கு அப்புறம் சட்டப்படி பொம்பளப் புள்ளைகளுக்கும் சம பங்கு, அது வரவேண்டியது தான், ஆனா கையெழுத்து போட வேண்டிய ஆளு எண்ணிக்கையும் ஏறுது. ஓடு மாத்தணும்னா முப்பது பேருக்கு போன் போடணும், காசு குடுக்கறவன் நாலு பேரு, "நான் வந்தே பத்து வருஷமாச்சே"ன்னு சொல்றவன் மிச்சம். ஒரு ஆச்சி சொன்னாக, "விக்கிறதுக்கு கையெழுத்து கேட்டா ஒருத்தன் மாட்டேங்கிறான், ஓடு போட காசு கேட்டா ஒருத்தனும் தர மாட்டேங்கிறான், ரெண்டுக்கும் நடுவுல வீடு ஒழுகுதுப்பா." அந்த மாட்டேங்கிற ஒருத்தன் பெரும்பாலும் சொல்ற காரணம் படைப்பு. முன்னோருக்கு படைக்கிற வீடு, அங்க தான் படைக்கணும், வேற எங்கயும் முடியாது. இந்த ஒரு சடங்கு காப்பாத்துன வீட்டு எண்ணிக்கை, எந்த சட்டமும் காப்பாத்துனத விட ஜாஸ்தின்னு நான் சொல்லுவேன்.

சட்டத்தையும் சொல்லிடுறேன், ரெண்டு வரி போதும். 2012-ல தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் போட்டாங்க, நடைமுறைக்கு கொண்டு வரவே பல வருஷம் இழுத்துச்சு. 2014-ல யுனெஸ்கோவோட தற்காலிக பட்டியல்ல தமிழ் வணிகர்களோட கிராமத் தொகுப்புன்னு செட்டிநாடு பேரு ஏறுச்சு, இன்னும் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகல. வீடெல்லாம் தனியார் சொத்து.

இப்ப ஒரு வீடு போனா ஊருக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம், ஆய்வுன்னு சொன்னா இது தான் ஆய்வு. ரெண்டு தெருவுக்கு நடுவுல இருந்த நீள மனை காலியாச்சா, அத முன்பாதி பின்பாதின்னு வெட்டி, அதையும் குறுக்க வெட்டி மனையா போடுவாங்க. புது வீடு தட்டை காங்கிரீட் மாடி, மழைத்தண்ணி குழாய் நேரா தெருவுல. முத்தம் இல்ல, தரைக்கடி வாய்க்கா இல்ல. பக்கத்து பழைய வீட்டு வாய்க்கா இந்த மனைக்கு அடியில போயிருந்தா அது அஸ்திவாரம் தோண்டும்போதே அடைச்சாச்சு. தெரு வாய்க்கா மேல சிலாப் போட்டு வண்டி ஏத்த சரிவு கட்டியாச்சு. இதுக்கு மேல ரோடு. பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டு தான் புதுசு போடணும்னு 2021-லயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாரு, ஆனாலும் மேல மேல போட்டு தெரு ஒசந்துக்கிட்டே போன இடம் தமிழ்நாடு முழுக்க இருக்கு, இங்க மட்டும் விதிவிலக்கா என்ன. உசரமா மேடை கட்டி வச்ச வீட்டுக்கு இப்ப படிக்கட்டுல ஒன்னு ரெண்டு மண்ணுக்குள்ள. ஐப்பசி மழைல முத்தத்துல நிக்கிற தண்ணி வெளிய போக வழியில்லாம சுவருல ஏறுது.

ஏறுன ஈரத்துக்கு என்ன வைத்தியம் பண்றாங்கன்னா சிமெண்ட் பூச்சு. அது தான் கொல்லுது. சுண்ணாம்புச் சுவரு ஈரத்த உள்ள வாங்கி வெளிய விடும், மேல சிமெண்ட்டும் எமல்ஷன் பெயிண்ட்டும் அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், ரெண்டு மழைல பொருக்கு பொருக்கா உதிரும், உடனே வீடு பழசாச்சு இடிச்சிடலாம்னு பேச்சு வரும். பழைய பூச்சு பல அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் முன்னதவிட நைசு, கடுக்காய், கருப்பட்டி ஊறவச்ச தண்ணி, கடைசி அடுக்குல சலிச்ச சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு, கூழாங்கல்லால தேச்சு தேச்சு பளபளப்பாக்குவாங்க. அத பண்ணத் தெரிஞ்ச கொத்தனாரு இன்னும் இருக்காங்க, ஆனா வயசாகுது. "சுண்ணாம்பு ஊற பொறுமை வேணும் தம்பி, இப்ப எல்லாருக்கும் கிரகப்பிரவேச தேதி முதல்லயே குறிச்சாச்சு"ன்னு ஒரு கொத்தனாரு சிரிச்சாரு. ஆத்தங்குடி கல்லு மட்டும் நல்லா ஓடுது, கண்ணாடித் தட்டு மேல சட்டம் வச்சு கலர் ஊத்தி, அந்த ஊரு மணலும் சிமெண்டும் போட்டு, சூளையில சுடாம தண்ணில ஊறவச்சு எடுக்குறது, இன்னிக்கு பெங்களூர் ஃப்ளாட் வரைக்கும் போகுது. ஏன் அது மட்டும் பொழைச்சுச்சுன்னா வெளியூர்ல விக்க முடியுற பொருளு. சுவருப் பூச்ச பார்சல் அனுப்ப முடியாதுல்ல.

ஹோட்டல் ஆனது நல்லதா கெட்டதான்னு கேட்டா, வீட்டுக்கு நல்லது. கானாடுகாத்தான்ல விசாலம், கோத்தமங்கலத்துல சாரதா விலாஸ், கடியாபட்டில சிதம்பர விலாஸ், எல்லாம் நின்னுச்சு, கூரை ஒழுகல, உள்ளூர் ஆளுக்கு வேலை கிடைச்சுச்சு. ஆனா ஒரு வீட்டுக்கு காசு போட்டா அந்த வீடு மட்டும் தான் பொழைக்கும், பக்கத்து வீட்டு கூரை விழுந்து கிடக்கறது ஹோட்டல் ஜன்னல்ல இருந்தே தெரியும், அதோட எல்லா வீடும் ஹோட்டல் ஆக முடியாது, அவ்ளோ டூரிஸ்ட் இந்த வெயில்ல எங்கேருந்து வருவான்.

அதனால என்ன பண்ணலாம்னா, எனக்கு தோணுறது வீட்ட விட்டுட்டு முதல்ல வாய்க்காய எடுக்கணும். வாய்க்கா, ஊருணி, தெரு மட்டம் இது மூணும் பொதுச் சொத்து, இதுக்கு நாப்பது பங்காளி கையெழுத்து தேவையில்ல. பேரூராட்சி ரோடு போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தெருவுலயும் பழைய வாசப்படி மட்டம் எவ்ளோ, வாய்க்கா எந்த பக்கம் சரியுது, எந்த வீட்டு தண்ணி எந்த ஊருணிக்கு போச்சுன்னு ஒரு லெவல் எடுத்து வச்சா போதும், ஒரு சர்வேயரும் ரெண்டு பாலிடெக்னிக் பசங்களும் செய்யலாம். இத வயசானவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிக்கணும், ஏன்னா பாதி வாய்க்கா தரைக்கு அடியில, வரைபடம் அவங்க தலைக்குள்ள.

காசுக்கு வழியும் இருக்கு. கோயில் கும்பாபிஷேகம்னா சிங்கப்பூர்ல இருக்கறவனும் புள்ளிக்கு இவ்ளோன்னு தட்டாம கட்டிடுறான், வீட்டு ஓட்டுக்கு கட்டாதவன் கூட கோயிலுக்கு கட்டுறான், ஏன்னா அங்க யாருக்கு எவ்ளோ பங்கு, யாரு தரலைங்கிறது ஊருக்கே தெரியும். பல ஊர்ல ஊருணியே நகரச் சிவன் கோயிலுக்கு (அந்த ஊர் நகரத்தாரோட கோயில்) பக்கத்துல தான் இருக்கு. அந்த கோயில் வரியோட சேத்து ஊருணிக்கும் வரத்துக்காலுக்கும் ஒரு தொகைன்னு நகரக் கூட்டத்துல, அதாவது ஊர் நகரத்தார் கூடுற கூட்டத்துல, ஒரு தடவை தீர்மானம் போட்டா, வருஷா வருஷம் புரட்டாசிக்கு முன்னாடி தூர் வாரிடலாம். வீட்டு பங்கு தகராறு கோர்ட்டுல கிடந்தா கிடக்கட்டும், அது முடியுற வரைக்கும் சுவரு அடியில தண்ணி நிக்காம இருந்தா போதும்.